ஹார்ட் டிஸ்க் பார்க்க வந்தவர்

கையில் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. டீக்கடையில் தட்டின் மேலே இருக்கும் பஜ்ஜியை எடுத்து நீட்டினால் தலையை ஆட்டிவிட்டு அடியில் கிடப்பதைக் காட்டுவார். அடியில் கிடந்தது கைக்கு வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதலில் வேண்டாம் என்றதையே வாங்கிக்கொள்வார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிறது என் கம்ப்யூட்டர் கடை. அவர் சந்துக்குள் திரும்பியதுமே டீக்கடைக்காரர், "அக்கா, உங்க மாப்ள வூட்டுக்காரரு வராரு" என்று குரல் கொடுப்பார். பெண் பார்க்க வந்து, சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிடுகிற ஜாதி என்று கேலி.

அவர் என் கடைக்கு வந்தது ஹார்ட் டிஸ்க் பார்க்க. வாங்க வந்தார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் பார்த்தார். கடையில் இருந்த அத்தனை டிஸ்க்கையும் பார்த்தார். நான் புதிதாகச் சரக்கு எடுத்து வந்தால் அட்டைப்பெட்டியின் டேப்பைப் பிரிப்பதற்கு முன்னாலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். சரக்கு வருவதை அவருக்கு யார் சொன்னார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

செட்டிகுளம் பக்கம் அவருக்கு நிலம். சின்ன வெங்காயம் போடுவார். விதை வெங்காயம் பொறுக்குவதில் அந்தப் பக்கத்தில் தன்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆள் உயரம். வெள்ளைச் சட்டை, தோளில் ஈரிழைத் துண்டு. கட்டைவிரல் நகத்தை மட்டும் கொஞ்சம் வளர்த்து வைத்திருப்பார். வெங்காயத்தின் மேல்தோலை ஒரு சுரண்டு சுரண்டிப் பார்க்க அது தேவையாம். அதே நகத்தால் என் கடையின் புது டிஸ்க்கின் மேலிருந்த பிளாஸ்டிக் தாளையும் சுரண்டிப் பார்த்தார். பிரித்துவிட்டால் அப்புறம் நான் அதை யார் தலையில் கட்டுவது?

"எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குன்னு ஒண்ணு இருக்காமே. அதக் காட்டுங்க பாப்பா" என்றார் முதல் நாள்.

எனக்கு நாற்பது வயது. பாப்பா என்று கூப்பிட்ட வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான் என்பதால் நான்கு வகையை எடுத்துப் பரப்பினேன். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். காதில் வைத்து ஆட்டினார். பிறகு மோந்து பார்த்தார்.

"எந்த ஊருச் சரக்கு இது?"

"தாய்லாந்துங்க."

"அங்க மழை ஜாஸ்தியா?"

"தெரியலிங்களே. ஏங்க?"

"ஈர பூமியில வந்த சரக்கு சீக்கிரம் அழுவிடும்."

"இது அழுவாதுங்கய்யா. கீழ போட்டாத்தான் போவும்."

உள்ளே தட்டு சுற்றுகிற வகை ஒன்று, எதுவும் சுற்றாத வகை ஒன்று என்று விளக்கினேன். சுற்றுவது விலை குறைவு, நிறைய இடம் இருக்கும், ஆனால் அடிபட்டால் தாங்காது. சுற்றாதது வேகம், விழுந்தாலும் பிழைக்கும். ஆனால் கரண்டே கொடுக்காமல் வருடக்கணக்கில் பீரோவில் போட்டு வைத்தால் அதையும் நம்ப முடியாது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"அப்ப ரெண்டுமே சரியில்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

"எதுவும் ஆயுசுக்கும் நிக்காதுங்க. ஒண்ணுக்கு ரெண்டா காப்பி எடுத்து வெச்சிக்கணும். ரெண்டயும் ஒரே வூட்ல வெக்கக் கூடாது. நாலஞ்சி வருசத்துக்கு ஒருதடவ புதுசு வாங்கி அதுல மாத்திக்கணும்."

"வெதை வெங்காயம் கணக்கால்ல சொல்றிங்க."

"அதேதாங்க" என்றேன். வியாபாரம் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆனா வெங்காயம் கெட்டுச்சின்னா கையில அழுத்துனா தெரிஞ்சிடும். இது உள்ள கெட்டாலும் வெளிய தெரியாதே" என்று எழுந்துவிட்டார்.

அப்போதுதான் கேட்டேன், எதை ஏற்றி வைக்கப் போகிறீர்கள் என்று. பையனின் லேப்டாப்பில் இருக்கிற போட்டோ எல்லாம் என்றார். அப்படியானால் பையனையே வந்து பார்க்கச் சொல்லுங்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும் என்றேன்.

"அவன் இல்லிங்க."

"எங்க வேல பாக்கறாரு? லீவுல வரப்ப வரச் சொல்லுங்க."

"வரமாட்டான்" என்றார். சொல்லிவிட்டு, நான் பரப்பி வைத்திருந்த டிஸ்க்குகளைச் சின்னது பெரியதாக வரிசைப்படுத்தி வைத்துவிட்டுப் போனார்.

என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கெட்டுப்போன டிஸ்க்கோடு கடைக்கு வருகிறவர்கள் அழுவார்கள். கல்யாண வீடியோ போனவர்கள், ஐந்து வருடம் எழுதிய ஆராய்ச்சி போனவர்கள், கைக்குழந்தையின் முதல் படம் போனவர்கள் என்று எத்தனையோ பேர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். ஆரம்பத்தில் நானும் கலங்குவேன். பிறகு டீ சொல்வதோடு நிறுத்திக்கொண்டேன். மரத்துப்போய்விட்டது. அவர் அழவில்லை, முகத்தில் எந்த மாற்றமும் காட்டவில்லை. அதனால் எங்கள் இருவருக்கும் பேச்சு சௌகரியமாக இருந்தது. மழை, வெங்காய விலை, தாய்லாந்து என்று பேசிக்கொள்வோம்.

ஒருமுறை அவருடைய மனைவி கூட வந்தார். கண் ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில், இவர் இங்கே ஒரு எட்டு போய்விட்டுப் போகலாம் என்று இழுத்து வந்திருக்கிறார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அந்த அம்மா கண்ணை மூடியபடியே பேசினார்.

"இவரு வாங்க மாட்டாரும்மா. நீங்க வேற வேலயப் பாருங்க. தக்காளி வாங்க உட்டா சந்தை கலையற வரைக்கும் நிப்பாரு. வர்ற பஸ்ஸு பாத்து, இது சரியில்ல அடுத்ததுல போலாம்பாரு. பஸ்ஸுல என்னா நோணாவட்டம்? எல்லாம் அரியலூருக்குத்தான போவுது."

அவர் ஒரே வகை டிஸ்க் இரண்டை இரண்டு கையிலும் வைத்து எது கனம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொன்னால், ஒரே பாத்தியில் பிடுங்கிய வெங்காயமே ஒன்றாக இருக்காது என்றார்.

"எம்மவனுக்குப் பொண்ணு பாக்கறப்பயும் இதே கூத்துதான்" என்றார் அந்த அம்மா. "எத்தன ஊரு, எத்தன வூடு! ஒரு பொண்ணு குனிஞ்ச தல நிமிரலம்பாரு, இன்னொண்ணு ரொம்ப நிமிந்து பாக்குதும்பாரு. பையனே வெறுத்துப் போயிட்டான். அரியலூர்ல ஒரு வூட்டுக்குப் போனோம். அந்தப் புள்ள காபி கொண்டாந்துச்சி. இவரு வழக்கம் போல தம்ளர உத்துப் பாத்தாரு. அதுக்கு அது, 'சக்கரை கம்மியா இருந்தா இங்கயே சொல்லிடுங்க மாமா. இதுக்கு மின்ன வந்தவங்கள்ளாம் வூட்டுக்குப் போயித்தான் சொன்னாங்க'ன்னுச்சி. இவரு சிரிச்சிட்டாரு. அங்கயே தட்டு மாத்திக்கலாம்னுட்டாரு. இவரு வாழ்க்கையில சட்டுன்னு எடுத்தது அது ஒண்ணுதான்."

ஸ்டூலில் இருந்தவர், "சக்கரை சரியாத்தான் இருந்திச்சி" என்றார்.

மீதியையும் அந்த அம்மாவே சொன்னார். முதல் ஆடிக்கு அந்தப் பெண்ணை அரியலூருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஆடியில் மாப்பிள்ளை மாமியார் வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. பையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை முடிந்து பையைக் கூட இறக்கி வைக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய், தெருமுனையிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறான். மழை. எதிரே சுண்ணாம்புக்கல் லாரி. பையன் ரோட்டில் கிடந்தானாம், லேப்டாப் இருந்த முதுகுப்பை பள்ளத்துத் தண்ணீரில் கிடந்ததாம். அந்த அம்மா இதை உரித்து வைத்த பூண்டை எண்ணுகிற மாதிரி ஒரே குரலில் சொன்னார். கண்ணில் விட்ட மருந்து மட்டும் கன்னத்தில் வழிந்தது.

"நனைஞ்சத அரிசியில போட்டா ஈரத்த இழுத்துடும்னாங்க" என்றார். "செல்போனத்தான் போடுவாங்க. இதயும் போட்டு வெச்சோம்."

"எத்தன நாளுங்கம்மா?"

"போட்டதுலேர்ந்து எடுக்கலயே. டிரம்முலதான் கெடக்கு. அதச் சுத்தி அள்ளி ஒல வெப்பேன்."

அடுத்த முறை வரும்போது அதைத் தயவுசெய்து எடுத்து வாருங்கள் என்று கெஞ்சினேன். மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். முதுகுப்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றித் திறந்தேன். விசிறிக்குள் பச்சரிசி, ஓரங்களில் காய்ந்த வேப்பிலை, கீ போர்டுக்கு அடியில் மிளகாய் விதை. அரிசியில் வண்டு வராமல் இருக்க மிளகாய் வற்றல் போட்டு வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. லேப்டாப்பிலும் வண்டு வரவில்லை. நான் அழுத்தி ஊதியதில் மிளகாய் நெடி கிளம்பி மூன்று பேரும் மாறி மாறித் தும்மினோம். அந்த அம்மா தும்மலுக்கு நடுவே சிரித்துவிட்டார். அவர் மேஜையில் சிதறிய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டு முனையில் முடிந்துகொண்டார்.

லேப்டாப் செத்துப்போயிருந்தது. உள்ளிருந்த டிஸ்க்கை மட்டும் தனியே எடுத்து ஒரு கேஸில் போட்டு என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். உயிர் இருந்தது. ஃபோல்டர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஆனால் உள்ளே 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அது கேட்டால் அதிக நாள் இல்லை.

"இப்பவே எடுத்துடணுங்க" என்றேன். "நீங்க டிஸ்க்கு எப்ப வேணா வாங்குங்க. மொதல்ல எல்லாத்தயும் என் கம்ப்யூட்டர்ல இறக்கி வெச்சிடறேன். நான் எதயும் தொறந்து பாக்க மாட்டேன்."

"நீங்க பாப்பிங்கன்னு இல்ல பாப்பா. கடைய சாத்திட்டு நீங்க வூட்டுக்குப் போயிடுவிங்க. அவன் இங்க தனியாக் கெடப்பான்" என்றார். டிஸ்க்கைக் கையை நீட்டி வாங்கி, பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டார்.

அரிசியில் மட்டும் திரும்பப் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அதன் பிறகும் வந்தார். பார்த்தார், போனார். எனக்குள் அந்த 'டிக், டிக்' ஓடிக்கொண்டே இருந்தது. நானாக விலையைக் குறைத்துச் சொன்னேன். சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சும்மா கொடுக்கிற சரக்கில் ஏதோ சொத்தை இருக்கும் என்றார்.

கொஞ்ச நாள் கழித்து ஒன்றைக் கவனித்தேன். அவர் எனக்காகப் பெரம்பலூர் வரவில்லை. அரியலூர் பஸ் ஏறத்தான் வருகிறார். பஸ் மாறுகிற நேரத்தில் என் கடை. அரியலூரில் என்ன அடிக்கடி வேலை என்று கேட்டேன்.

"அந்தப் புள்ளைக்கு மாப்ள பாக்கறோம்" என்றார்.

எந்தப் பிள்ளைக்கு என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. மருமகளுக்கு. வயது இருபத்தாறு. பையன் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது, வேறு கல்யாணம் செய்து வையுங்கள் என்று அரியலூருக்குப் போய் முதலில் சொன்னவரே இவர்தானாம். பெண் மாட்டேன் என்றிருக்கிறாள். பிறகு, மாமா வந்து பார்த்து அவருக்குப் பிடித்தால் பார்க்கலாம் என்று இறங்கியிருக்கிறாள். மாமாவுக்கு எந்தக் காலத்தில் எது பிடித்தது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

ஆக, இவர் ஒவ்வொரு மாப்பிள்ளையாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒருவன் பேசும்போது போனையே பார்த்தான். ஒருவன் தண்ணீர் கொண்டுவந்த அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல் தம்ளரை வாங்கினான். நன்றாகப் படித்து, நல்ல வேலையில் இருந்த ஒருவனை ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டதற்கு, "வண்டியில வந்தான். ஹெல்மெட்ட கண்ணாடியில மாட்டியிருந்தான்" என்றார்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடையில் வேறு ஆளும் இல்லை.

"அய்யா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதிங்க. நீங்க பாத்துகிட்டேதான் இருக்கிங்க. அந்த டிஸ்க்கு ஒரு நாளு நின்னுடும். அப்பறம் நீங்க கடையையே வாங்குனாலும் ஒண்ணும் ஏத்த முடியாது. அந்தப் புள்ளையும் உங்க வாய்ச்சொல்லுக்காக எத்தன வருசம் உக்காந்திருக்கும்? நீங்க எடுக்கவும் மாட்டிங்க, உடவும் மாட்டிங்க."

அவருக்கு உறைத்ததா என்று தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். "பஸ்ஸு வந்துடும்" என்று இறங்கிப் போனார். டீக்கடைக்காரர் பஜ்ஜித் தட்டை நீட்டினார். பார்க்காமலேயே போனார்.

தைக்கு முன்னால் ஒரு நாள் காலையில், நான் ஷட்டரைத் தூக்கும்போதே நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை.

"முடிஞ்சிடுச்சி பாப்பா. ஜெயங்கொண்டத்துப் பையன். முந்திரி யாவாரம்."

"புடிச்சிருந்துச்சிங்களா?"

"தேவலாம். பஸ்ஸுல வந்தான்" என்றார்.

அலமாரியில் முதலில் இருந்த டிஸ்க்கைக் காட்டி அதை எடுக்கச் சொன்னார். தட்டு சுற்றாத வகை, விழுந்தாலும் பிழைப்பது. ஆட்டவில்லை, மோந்து பார்க்கவில்லை. இவர் சட்டென்று எடுத்தது இதோடு இரண்டு என்று நினைத்துக்கொண்டேன். பழைய டிஸ்க்கை மாட்டி, எல்லாவற்றையும் முதலில் என் கம்ப்யூட்டரில் இறக்க ஆரம்பித்தேன். இம்முறை மறுக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பழைய டிஸ்க் நடுநடுவே மூச்சை நிறுத்தியது. கழற்றிவிட்டுச் சற்று நேரம் ஆறவைத்து மறுபடி மாட்டினேன். சில படங்கள் திறக்கவே இல்லை, போனது போனதுதான். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் மற்றவையெல்லாம் வந்து சேர்ந்தன. அதோடு அந்த 'டிக், டிக்'கும் நின்றது. மறுபடி மாட்டிப் பார்த்தேன். அது திறக்கவில்லை.

"பொழச்சிங்க" என்றேன். "இப்ப இத அப்பிடியே புது டிஸ்க்குல ஏத்திடவா?"

"இல்ல. பிரிக்கணும்."

அந்தப் பெண் இருக்கிற படமெல்லாம் புது டிஸ்க்கில் ஏற வேண்டும். அது அவளுக்கு. மீதி இருப்பது இவருக்கு. அதற்கு ஒரு சின்ன பென் டிரைவ் போதும். முடிந்ததும் என் கம்ப்யூட்டரில் ஒன்று கூட இருக்கக் கூடாது என்றார். இதற்காகவா ஒரு வருடமாக டிஸ்க் பார்த்தார்? அவருக்காகப் பார்க்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

"அய்யா, இது வெங்காயம் இல்லிங்க. ஒருத்தருக்குக் குடுத்தா இன்னொருத்தருக்குக் குறையாது. காப்பிதானே? அவங்களுக்கும் முழுசாக் குடுப்போம், நீங்களும் முழுசா வெச்சிக்குங்க."

"அது குறையாதுதான். நான் அதுக்குச் சொல்லல" என்றார். "இன்னொரு வூட்டுக்குப் போற புள்ள. அதோட படம் எங்க வூட்ல கெடந்தா எங்க வூட்டுக்காரி தெனம் எடுத்துப் பாத்துகிட்டிருப்பா. பாத்துட்டு அதுக்குப் போன் பண்ணுவா. அது அங்க உக்காந்து அழுவும். போன எடத்துல அது பொழைக்கணும்ல? அதுகிட்ட இருந்தா, வேணும்னா பாத்துக்கும், வேணாம்னா போட்டுடும். அது இஷ்டம்."

திரையில் இரண்டு ஃபோல்டர் திறந்தேன். இடது பக்கம் அவளுக்கு, வலது பக்கம் இவருக்கு. ஒவ்வொரு படமாகக் காட்டினேன். அவர் விரலால் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று காட்டினார்.

கல்யாணப் படங்கள் மொத்தமும் இடது பக்கம் போயின. மறுவீடு, தலைப்பொங்கல், திருமழபாடிக் கோயில் வாசல், கொள்ளிட மணலில் இரண்டு ஜோடிச் செருப்பு. செருப்பைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். இடது பக்கம். வலது பக்கத்தில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும், ஆதார் அட்டையும், வேலைக்கு அனுப்பிய பயோடேட்டாவும், காலேஜில் நண்பர்களோடு வரிசையில் எங்கோ கடைசியில் நிற்கிற ஒரு படமும் சேர்ந்தன. அந்தப் படத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்துப் படங்கள் வந்தன. பெரிய நந்திக்குப் பக்கத்தில் பையன் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிரிப்பு. வேறு யாரும் படத்தில் இல்லை. அப்பாடா என்று நானே வலது பக்கம் இழுத்தேன்.

"இருங்க. இத எடுத்தது யாரு?"

"தெரியாதுங்களே. யாராவது எடுத்திருப்பாங்க."

"அந்தப் புள்ளதான் எடுத்திருக்கும்" என்றார். திரைக்கு நெருக்கமாகக் குனிந்து பார்த்தார். "எங்களப் பாத்து அவன் இப்பிடி சிரிச்சதில்ல. இது அந்தப் புள்ளயோடது. அந்தப் பக்கம் போடுங்க."

எனக்குக் கை வரவில்லை. அவர்மேல் கோபம்தான் வந்தது. ஒரே ஒரு படம் வைத்துக்கொண்டால் யார் குடி முழுகிவிடும்? ஆனால் அவர் விரல் அந்தப் பக்கமே நீண்டிருந்தது. இழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு பையன் தனியாகச் சிரிக்கிற படங்கள் எல்லாமே, இவர் சொல்லாமல் நானே, இடது பக்கம் போட்டுக்கொண்டு போனேன். அவை நிறைய இருந்தன.

எல்லாம் முடிந்து ஒரு வீடியோ மிஞ்சியது. ஓட்டினேன்.

வெங்காயக் காடு. மரத்தடியில் வெங்காயத்தைக் கொட்டி வைத்துக்கொண்டு ஒருவர் குனிந்து உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறார். தோளில் துண்டு. இவரேதான். படம் எடுக்கிறவனின் குரல் மட்டும் கேட்டது.

"அப்பா, இங்க பாருங்கப்பா."

"இருடா. வேல கெடக்கு."

"ஒரு நிமிசம்ப்பா. நிமிருங்க."

படத்தில் இருக்கிறவர் நிமிரவில்லை. ஒரு வெங்காயத்தை எடுத்து, நகத்தால் சுரண்டிப் பார்த்து, தூரப் போடுகிறார். பக்கத்தில் இருந்து ஒரு பெண்ணின் குரல்: "உடுங்க. மாமா பொறுக்கி முடிச்சாத்தான் நிமிருவாங்க." பையன் சத்தமாகச் சிரிக்கிறான். படம் குலுங்குகிறது. அவ்வளவுதான்.

அந்தப் பெண் படத்தில் இல்லை, குரல்தான் இருக்கிறது. பையனும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிவது இவர் ஒருவர்தான். எந்தப் பக்கம் இழுப்பது என்று எனக்கே தெரியவில்லை. இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். "ஒரு நிமிசம்ப்பா. நிமிருங்க" என்று பையன் சொன்ன இடத்தில், என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் "ம்" என்றார்.

"இத எதுலங்க போடட்டும்?" என்று கேட்டேன்.

"ரெண்டுலயும் போடுங்க" என்றார்.